முதல் வாட்டர் கூலிங் லூப்: பொருள் வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

கணினியைத் தண்ணீரால் குளிர்விக்க, பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டும் மூடிய கூலரை (ஏஐஓ என்பார்கள்) விட்டுவிட்டு, பம்ப், ரேடியேட்டர், டியூப் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கித் தானே கோர்க்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. இப்படிக் கோர்த்த, தண்ணீர் சுற்றிவரும் பாதைதான் லூப். நான் இதுவரை மூன்று லூப் கட்டியிருக்கிறேன். முதலாவதில் செய்த தவறுகள்தான் கீழே உள்ள பாதிப் பதில்களுக்குக் காரணம்.

வாட்டர் கூலிங் போட்டால் பிராசசர் எவ்வளவு குளிரும்?

நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வெப்பம் சிலிக்கான் சில்லில் (சிப்) பிறந்து, அதன் மேலுள்ள உலோக மூடியைக் கடந்து, வெப்பம் கடத்தும் பசையான டெர்மல் பேஸ்டைக் கடந்து, அப்புறம்தான் பிளாக்குக்கு (உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டி) வருகிறது. இன்றைய பிராசசர்களில் சில் மிகச் சிறியது. அந்தச் சிறு இடத்திலிருந்து வெப்பம் வெளியே வருவதே பெரும்பாடு. வெளியே வந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ள எவ்வளவு நல்ல தண்ணீர் ஏற்பாடு இருந்தாலும் முதல் சில மில்லிமீட்டர் மாறப்போவதில்லை. ரைசன் 7000 வரிசை வந்தபோது, முழுச் சுமையில் 95 டிகிரி வரை போவது திட்டமிட்ட இயல்பான நிலை என்று ஏஎம்டியே சொன்னது. அப்படிப்பட்ட பிராசசருக்கு நல்ல கூலர் போட்டால் பல நேரம் வெப்பநிலை குறையாது. அதே வெப்பநிலையில் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் ஓடும், அவ்வளவுதான்.

கிராஃபிக்ஸ் கார்டு கதை வேறு. அங்கே சில் பெரியது, மேலே மூடியும் கிடையாது. பிளாக் நேராகச் சில்லின் மேலேயே உட்காருகிறது. காற்றில் ஓடியதைவிட 15, 20 டிகிரி குறைவது சாதாரணம். லூப்பின் உண்மையான லாபம் இங்கேதான், அதோடு சத்தம் குறைவதிலும். இரண்டும் உங்களுக்கு முக்கியமில்லை, பிராசசரை மட்டும்தான் குளிர்விக்க வேண்டும் என்றால் நல்ல ஏர் கூலரோ ஏஐஓவோ போதும். இந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

இன்னொன்று: ரேடியேட்டர் அறைக் காற்றைக் கொண்டுதான் தண்ணீரை ஆற்றுகிறது. அறையின் வெப்பநிலைக்குக் கீழே தண்ணீர் ஒருநாளும் போகாது.

சரி, என்னென்ன வேண்டும்?

பிராசசருக்கு ஒரு பிளாக், கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு பிளாக், ரேடியேட்டர்கள், அவற்றுக்கு ஃபேன்கள், பம்ப், ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி), டியூப், ஃபிட்டிங்குகள் (டியூப்பைப் பாகங்களோடு இணைக்கும் முனைகள்), கூலன்ட் (லூப்பில் ஊற்றும் திரவம்). இவற்றோடு எல்லோரும் மறப்பவை மூன்று: வடிகால் வால்வு, தண்ணீரின் வெப்பநிலையைக் காட்டும் சென்சார், நிரப்புவதற்கு நீண்ட மூக்குள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டில்.

திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

வடிப்பதிலிருந்து. விளையாட்டாகச் சொல்லவில்லை.

என் முதல் லூப்பில் வால்வு வைக்கவில்லை. அழகாகத்தான் இருந்தது. ஏழு மாதம் கழித்து ரேம் மாற்ற வேண்டியிருந்தது, டியூப் ஒன்று குறுக்கே போனதால் ரேமை எடுக்க முடியவில்லை, டியூப்பைக் கழற்றத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், வெளியேற்ற வழியில்லை. கடைசியில் பதினெட்டு கிலோ பெட்டியைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒரு ஃபிட்டிங்கைத் திறந்து, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல அப்படியும் இப்படியும் சாய்த்து வடித்தேன். பத்து நிமிட வேலை ஒரு முழு மாலையை விழுங்கியது.

அதனால் காகிதத்தில் கேஸின் படத்தை வரைந்ததும் முதலில் குறிக்க வேண்டியது லூப்பின் மிகத் தாழ்ந்த புள்ளி. பெரும்பாலும் அது பம்பின் அருகிலோ கீழ் ரேடியேட்டரிலோ இருக்கும். அங்கே ஒரு டி வடிவ ஃபிட்டிங், அதில் ஒரு பந்து வால்வு, வால்வின் வாயை அடைக்க ஒரு மூடி. வால்வுக்கு முன்னால் ஒரு சின்ன டியூப் மாட்டி வாளிக்குள் விட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேஸின் தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் வால்வை வைத்துவிட்டுத் திண்டாடியவர்களும் உண்டு. லூப்பின் மேற்புறத்தில் திறக்கக்கூடிய துளை ஒன்றும் வேண்டும். காற்று உள்ளே போகாமல் தண்ணீர் வெளியே வராது.

ரேடியேட்டர் எவ்வளவு பெரியது வேண்டும்?

ரேடியேட்டர்களை அவற்றில் பொருந்தும் ஃபேன்களை வைத்து அழைக்கிறார்கள். 120 மி.மீ. ஃபேன் மூன்று பொருந்தினால் 360, இரண்டு பொருந்தினால் 240. 140 மி.மீ. குடும்பத்தில் 280, 420.

கணக்குக்குத் தோராயமான வழி ஒன்று இருக்கிறது: ஃபேன் மிதமான வேகத்தில் சுற்றும்போது, தண்ணீர் அறையைவிடச் சுமார் 10 டிகிரி கூடுதலாக இருக்க அனுமதித்தால், ஒரு 120 மி.மீ. பகுதி ஏறக்குறைய 100 வாட்டை வெளியேற்றும். ரேடியேட்டரின் தடிமன், அதில் காற்று புகும் மெல்லிய தகடுகளின் நெருக்கம், ஃபேன் எல்லாவற்றையும் பொறுத்து இது மாறும், ஆனால் திட்டமிட இது போதும். பிராசசர் 150 வாட், கிராஃபிக்ஸ் கார்டு 300 வாட் என்றால் மொத்தம் 450. ஐந்து பகுதி, அதாவது ஒரு 360, ஒரு 240. அமைதியாகவும் இருக்கும், தண்ணீரும் இதமாக இருக்கும்.

குறைவாக வைத்தால் ஒன்றும் வெடித்துவிடாது. அதே 450 வாட்டை ஒரே 360-இலும் ஓட்டலாம். தண்ணீர் இன்னும் சூடாகும், அல்லது ஃபேன் இரைச்சலிடும். ஆனால் அமைதிக்காகத்தானே இவ்வளவு பாடும்? பெரும்பாலான பம்புகளுக்குத் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. நடைமுறையில் 45-ஐத் தொட்டாலே திட்டத்தில் எங்கோ கஞ்சத்தனம் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

தடித்த ரேடியேட்டர் ஒன்றா, மெல்லியவை இரண்டா என்றால், இடம் இருக்கும்வரை மெல்லியவை இரண்டு. தடிமனைவிடக் காற்றுபடும் பரப்புதான் அதிகம் உதவுகிறது. தகடுகள் மிக நெருக்கமாக உள்ள ரேடியேட்டருக்கு ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும். அமைதி வேண்டுபவர்கள் தகடுகள் சற்று இடைவெளியுள்ளதை எடுக்கலாம். ஃபேன் வாங்கும்போதும் காற்றின் அளவை மட்டும் பார்க்காமல், தடையை மீறித் தள்ளும் அழுத்தத்தையும் பாருங்கள்.

கேஸ் விளம்பரத்தில் "மேலே 360, முன்னால் 360" என்று போட்டிருக்கிறதே, போதாதா?

போதாது. இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தும் என்று அது சொல்லவில்லை. 360 ரேடியேட்டரின் நீளம் 360 அல்ல. இருபுறத் தொட்டிகளையும் சேர்த்தால் 400 மி.மீ. வரை வரும். தடிமனில் 30 மி.மீ. ரேடியேட்டரோடு 25 மி.மீ. ஃபேன் சேர்ந்து 55. மேலே மாட்டினால் அந்த 55 மி.மீ. கீழே இறங்கி ரேமையோ மதர்போர்டின் மின்சாரப் பகுதியின் மேலுள்ள உலோகக் கவசத்தையோ இடிக்கும். முன்னால் மாட்டினால் கிராஃபிக்ஸ் கார்டின் நுனி இடிக்கும். ஃபிட்டிங் மாட்டும் துளைகள் எந்தப் பக்கம் வருகின்றன என்பதும் முக்கியம்.

அட்டைப் பெட்டியை அந்த அளவுக்கு வெட்டி கேஸுக்குள் வைத்துப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் ஸ்கேல் காட்டாததை அட்டை காட்டும்.

எந்த பம்ப்?

சந்தையில் இரண்டு குடும்பங்கள்: டி5, டிடிசி. எந்த நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். டி5 பெரியது, அமைதியானது, முதல் லூப்புக்கு என் தேர்வு. டிடிசி சிறியது, தள்ளும் அழுத்தம் கூடுதல், கொஞ்சம் சூடாகும், கொஞ்சம் அதிர்வும் உண்டு. இடம் குறைந்த கேஸ்களுக்கு ஏற்றது. ஒரு பிராசசர், ஒரு கார்டு, இரண்டு ரேடியேட்டருக்கு ஒரே பம்ப் தாராளம். வேகத்தை மதர்போர்டிலிருந்து மாற்ற வசதியுள்ள பிடபிள்யூஎம் வகையாக வாங்கி, முக்கால் வேகத்துக்குக் கீழே ஓட்டுங்கள்.

பம்பைத் தண்ணீர் இல்லாமல் ஒரு கணமும் ஓட்டக் கூடாது. உள்ளே சுழலும் பாகத்துக்கு அந்தத் தண்ணீர்தான் எண்ணெய். ரிசர்வாயர் எப்போதும் பம்புக்கு மேலேயோ நேர் முன்னாலோ இருந்து, தண்ணீர் தானாக இறங்கி வர வேண்டும். பம்பும் ரிசர்வாயரும் ஒட்டியே வரும் அமைப்பை வாங்கினால் இந்தக் கவலை இல்லை.

எந்த வரிசையில் இணைப்பது? கார்டைக் கடந்த சுடுதண்ணீர் பிராசசருக்குப் போனால் கெடுதல் இல்லையா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இந்தப் பயம் போய்விடும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 வாட் கார்டு ஒரு நிமிடத்தில் கொடுப்பது 18,000 ஜூல். அதை 4 லிட்டருக்குப் பிரித்தால் சுமார் 1.1 டிகிரி. அவ்வளவுதான் வித்தியாசம். ஓட்டம் பாதியாகக் குறைந்தாலும் 2 டிகிரிக்குச் சற்று மேல். லூப் முழுவதும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எனவே எது பக்கத்தில் இருக்கிறதோ அதற்கு டியூப்பை விடுங்கள். கட்டாயமான வரிசை ஒன்றே: ரிசர்வாயர், உடனே அடுத்து பம்ப். பிராசசர் பிளாக்கில் உள்ளே, வெளியே என்று குறித்திருந்தால் அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ரேடியேட்டருக்குப் பெரும்பாலும் எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

வளையும் டியூப்பா, கண்ணாடிபோல நிமிர்ந்து நிற்கும் டியூப்பா?

முதல் லூப்புக்கு வளையும் டியூப். படங்களில் பார்த்து மயங்கியது அந்த நிமிர்ந்த டியூப்பைத்தான் என்று தெரியும், நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் அதில் ஒவ்வொரு வளைவையும் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் வாட்டி, உள்ளே சிலிக்கோன் ரப்பர் கயிறு விட்டு, கோணம் பிசகாமல் வளைக்க வேண்டும். வெட்டிய முனையைச் சீவி மழமழப்பாக்காவிட்டால் ஃபிட்டிங்குக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடும். கசிவுக்கு இது ஒரு முக்கியக் காரணம். பிறகு ஒரு பாகத்தை மாற்றினால் டியூப்பின் நீளமும் மாறும், மறுபடி அடுப்பு வேலை. வளையும் டியூப்பில் இவ்வளவுக்கும் பதில் ஒரு கத்தரி. முனையை மட்டும் நேராக வெட்டுங்கள்.

நிமிர்ந்த டியூப்தான் வேண்டும் என்று நின்றால்: பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் எளிதாக வளையும், ஆனால் சூட்டில் அக்ரிலிக்கைவிடச் சீக்கிரம் இளகும். அக்ரிலிக் சூட்டைத் தாங்கும், வெட்டும்போது விரிசல் விடும். தேவையான நீளத்தைப் போல இருமடங்கு வாங்குங்கள்.

வளையும் டியூப்பில் உள்விட்டம் 10 மி.மீ., வெளிவிட்டம் 16 மி.மீ. உள்ளது தடித்த சுவர் கொண்டது, வளைவில் மடங்கி அடைத்துக்கொள்ளாது. 10/13 இன்னும் லேசாக வளையும், ஆனால் மடங்கும். தெளிவான பிளாஸ்டிக் டியூப்கள் நாளாக ஆக மங்கும். டியூப்பை மென்மையாக வைத்திருக்கும் வேதிப்பொருள் மெல்லக் கசிந்து பிளாக்கில் பிசுபிசுப்பாகப் படிவதும் உண்டு. கறுப்பு நிற இபிடிஎம் ரப்பர் டியூப்பில் இந்தத் தொல்லை இல்லை. அழகில்லை என்பார்கள். எனக்கு இப்போது அதுதான் அழகாகத் தெரிகிறது.

ஃபிட்டிங் எத்தனை?

ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு. இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டர், பம்ப்-ரிசர்வாயர் ஜோடி என்றால் பத்து. வால்வுப் பகுதிக்கு இரண்டு மூன்று, கோணத் திருப்பத்துக்கு 90 டிகிரியில் மூன்று நான்கு. கூடுதலாக இரண்டு வாங்கி வையுங்கள். நள்ளிரவில் ஒரே ஒரு ஃபிட்டிங் குறையும்.

மரை எல்லாவற்றிலும் ஜி 1/4 என்ற ஒரே அளவுதான், அதனால் ஒரு நிறுவனத்தின் ஃபிட்டிங் இன்னொன்றின் பிளாக்கில் ஏறும். ஆனால் டியூப் பக்கத்தில் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டும் எண் மாறாமல் பொருந்த வேண்டும். முறுக்குவது கையால் மட்டும். தண்ணீரைத் தடுப்பது முறுக்கின் பலம் அல்ல, ரப்பர் வளையம். ஸ்பானர் போட்டு இறுக்கினால் அக்ரிலிக் பிளாக்கில் விரிசல்தான் மிஞ்சும்.

அலுமினிய ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அது ஒரு மின்கலம் போலத்தான். அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். கூலன்டில் உள்ள அரிப்புத் தடுப்பு மருந்து இதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. பெரும்பாலான பிளாக்குகள் செம்பு அல்லது நிக்கல் பூசிய செம்பு. ரேடியேட்டரும் செம்பு, ஃபிட்டிங் பித்தளை என்று ஒரே குடும்பத்தில் இருங்கள்.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

காய்ச்சி வடித்த நீர், அதோடு பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் காக்கும் கலவை. அல்லது கலந்தே வரும் தெளிவான கூலன்ட். பெரும்பாலான லூப்புக்கு ஒரு லிட்டர் போதும், ஆனாலும் இரண்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும்.

பால்போல வெளுத்த, ஒளி ஊடுருவாத வண்ணக் கூலன்டுகள் மீது எனக்கு நல்ல எண்ணம் கிடையாது. அந்த நிறம் கரைசல் அல்ல, தண்ணீரில் மிதக்கும் நுண்துகள். பிளாக்கின் உள்ளே இருக்கும் தகடுகளின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. துகள் போய்ச் சேர அதைவிட வசதியான இடம் வேறு எது? படம் எடுக்க ஒரு வாரம் ஊற்றிப் பார்க்கலாம், தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம். நிறம் ஆசை என்றால் தெளிவான கூலன்ட், வண்ண டியூப்.

புது ரேடியேட்டருக்குள் பற்றவைத்த மிச்சமும் தூசும் இருக்கும். மாட்டும் முன் வெந்நீரால் பல முறை குலுக்கிக் கழுவி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரால் அலசுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு பிளாக் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சில்லின் பெயர் போதாது, கார்டின் முழு மாடல் பெயர் வேண்டும். ஒரே சில்லை வைத்து ஒவ்வொரு நிறுவனமும் பலகையை வேறு மாதிரி வடிவமைக்கிறது. ஒரு மின்தேக்கி இரண்டு மி.மீ. கூடுதல் உயரமாக இருந்தாலே பிளாக் உட்காராது. பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் உங்கள் மாடல் இல்லையென்றால் வாங்காதீர்கள். புதிதாகக் கார்டு வாங்கப் போகிறவர் என்றால் முதலில் பிளாக் கிடைக்கும் மாடல் எது என்று பார்த்துவிட்டுக் கார்டைத் தேர்ந்தெடுங்கள்.

கழற்றும் முன் கார்டு நன்றாக ஓடுகிறதா என்று சில நாள் சோதியுங்கள். கூலரைக் கழற்றினால் உத்தரவாதம் என்ன ஆகும் என்பதைப் படித்துவிடுங்கள். டெர்மல் பேடின் (பலகையின் பாகங்களுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும், வெப்பம் கடத்தும் மெத்தைத் துண்டு) தடிமனைப் பிளாக்கோடு வரும் தாள் சொன்னபடியே வையுங்கள். தடித்ததை வைத்தால் பிளாக் சில்லைத் தொடாது.

கசிந்தால்?

கசிவு பெரும்பாலும் முதல் நாளில் வரும், அதனால்தான் முதல் நாளில் மின்சாரம் கொடுக்கக் கூடாது. முதலில் காற்று: சைக்கிள் பம்பு மாதிரி ஒரு சின்னச் சோதனைக் கருவி இருக்கிறது. காலி லூப்பில் அரை பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்குக் காற்றை ஏற்றி, முள் அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பாகங்களின் தயாரிப்பாளர்கள் சொன்ன அழுத்தத்தைத் தாண்டாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டு, பிராசசர், கார்டு எல்லாவற்றின் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். பம்ப் மட்டும் இணைப்பில் இருக்கட்டும். 24 பின் முனையில் மாட்ட, பவர் சப்ளையைத் தனியே ஓட வைக்கும் குட்டிப் பிளக் ஒன்று விற்கிறார்கள். கம்பியை வளைத்துச் செருகுவதைவிட அது நல்லது. ரிசர்வாயரை நிரப்பி, பம்பைச் சில விநாடி ஓட்டி, தண்ணீர் இறங்கியதும் நிறுத்தி, மறுபடி நிரப்பி, இப்படியே. ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ பேப்பர். கேஸை நாலு பக்கமும் மெல்லச் சாய்த்தால் ரேடியேட்டரில் ஒளிந்திருக்கும் காற்று வெளியே வரும். சில மணி நேரம் ஓடட்டும். இரவு முழுவதும் ஓடினால் இன்னும் நிம்மதி.

காய்ச்சி வடித்த நீர் மின்சாரம் கடத்தாது என்பது ஏறக்குறைய உண்மை, பாட்டிலில் இருக்கும்வரை. உலோகத்தையும் தூசையும் தொட்ட பிறகு அதை நம்ப முடியாது. ஓடும்போது கசிந்தால் சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள், கழற்றுங்கள், முழுதாகக் காயும்வரை பொறுங்கள். அவசரப்பட்டுப் போட்டுப் பார்த்தவர்கள்தான் பாகத்தை இழக்கிறார்கள்.

ஃபேன் ஏறி இறங்கிச் சத்தம் போடுகிறதே?

ஃபேன் வேகத்தைப் பிராசசரின் வெப்பநிலையோடு கட்டியிருப்பீர்கள். அது ஒரு நொடியில் 20 டிகிரி ஏறி இறங்கும். தண்ணீர் பல நிமிடங்களில்தான் மாறும். சென்சாரை மதர்போர்டின் வெப்பநிலைப் பின்னில் மாட்டி, ஃபேனைத் தண்ணீரின் வெப்பநிலைக்குக் கட்டுங்கள். மதர்போர்டில் அந்தப் பின் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது?

தெளிவான கூலன்டுக்கு வருடம் ஒருமுறை என்பது என் வழக்கம். பாட்டிலில் வேறு காலம் எழுதியிருந்தால் அதன்படி. நிறம் மாறினாலோ மிதப்பது ஏதாவது தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். பிளாக்கைத் திறந்து பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம். அக்ரிலிக் பாகத்தை ஆல்கஹால் கொண்டு துடைக்காதீர்கள், மெல்லிய விரிசல்கள் ஓடும். வால்வு வைத்திருந்தால் வடிக்கும் வேலை கால் மணி நேரம்.

மொத்தம் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

முதல் முறை இரண்டு நாள் என்று வையுங்கள், சோதனை ஓட்டம் தனி. வேலைக்கு அந்தக் கணினியையே நம்பியிருப்பவர்கள் பழைய ஏர் கூலரையும் அதன் திருகுகளையும் ஒரு பையில் போட்டு எங்கே வைத்தோம் என்று தெரியும்படி வையுங்கள். ஞாயிறு இரவு ஃபிட்டிங் குறைந்தாலோ பிளாக் பொருந்தாவிட்டாலோ, திங்கள் காலையில் அதை மாட்டிக் கணினியை ஓட்டிவிடலாம்.